இட்லிக் குண்டானில் போன முதல் அத்தியாயம்

சேலத்துக்கு வாழப் போன என் வீட்டுத் திருடிக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. அடுத்தவன் பொருளை எடுத்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் நலமாகத்தான் இருக்கிறார்கள். பறிகொடுத்தவனைத்தான் யாரும் கேட்பதில்லை. உன் கல்யாணம் முடிந்து, மண்டபச் சாவியைக் கொடுத்து, மிஞ்சிய வாழைப்பழத்தை அணுபுரம் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பங்கு போட்டு, ‘அப்பாடா, இனி நாவல்தான்’ என்று ஞாயிற்றுக்கிழமை காலை என் மேஜை முன்னால் உட்கார்ந்தேன். இழுப்பறையைத் திறந்தால் ஸ்டேப்ளர் இருக்கிறது, காலாவதியான பஸ் பாஸ் இருக்கிறது, நீ எப்போதோ வைத்துவிட்டுப் போன ஹேர்பின் இருக்கிறது. என் நாவலின் முதல் அத்தியாயம் மட்டும் இல்லை. கையால் எழுதியது, டைப் அடித்தது, அதன் ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸின் மேல் திருத்தியது, ஒன்றுகூட இல்லை. மொத்தக் கட்டும் போயிருந்தது.

உன் அம்மாவைக் கேட்டேன். “பழைய பேப்பர்காரன் வந்தானா?” “வந்தான்.” “என்ன போட்டே?” “பேப்பர்.” “எந்தப் பேப்பர்?” “பழைய பேப்பர்.” இப்படி ஒரு சாட்சியை எந்தக் கோர்ட்டும் பார்த்திருக்காது. பதில் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முருங்கைக்கீரை ஆய்கிற முகம், அவ்வளவுதான். நானும் நம்பி, திருக்கழுக்குன்றத்துக் காயலான் கடை வரைக்கும் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போய், ஊரார் வீட்டுக் காகிதத்தை எல்லாம் மூட்டை மூட்டையாகக் கவிழ்த்துத் தேடினேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “இன்னா சார், பரிச்ச பேப்பரா? பசங்க ஃபெயிலுன்னு போட்டுடு சார், எதுக்கு பேஜாரு?” என்றார். தும்மிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் உன் போன்.

“அப்பா, தேடாதீங்க. அது என்கிட்டதான் இருக்கு.”

“எங்கே?”

“இட்லிக் குண்டான்ல. சீர்ப் பாத்திரத்தோட வந்துடுச்சு.”

“அதுவா வந்துச்சா?”

“மறுவீட்டுக்கு வந்தப்ப நான் எடுத்துக் குடுத்தேன். அம்மா உள்ள வச்சு மேல தட்டு போட்டு மூடினாங்க. ஆடிக்கு என்னை அழைக்க வருவீங்க இல்ல? அதுக்குள்ள மிச்ச நாவலை எழுதி முடிங்க. அப்பத்தான் தருவேன்.”

“பிருந்தா, விளையாடாதே. முதல் அத்தியாயம் இல்லாம ரெண்டாவதை எப்படிம்மா எழுதுறது?”

“முதல் அத்தியாயம் கையில இருந்தப்ப எழுதினீங்களா?”

டொக். போனை வைத்துவிட்டாய். பெற்று வளர்த்து, படிக்க வைத்து, நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்ததற்கு ஒரு தகப்பனுக்குக் கிடைத்த மரியாதை இது. ஊரே படித்து நியாயம் சொல்லட்டும் என்றுதான் இதை உறை ஒட்டாத கடிதமாக எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் கொடு, மாமியாரிடம் கொடு, பக்கத்து வீட்டிலும் கொடு. எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. மறைப்பது எல்லாம் உங்கள் கட்சியின் வேலை.

ஊராருக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன், நீ கொட்டாவி விட்டுக்கொள். கல்பாக்கம் அணு உலையில் எனக்கு உத்தியோகம். வாரப் பத்திரிகைகளில் அரைப் பக்கச் சிரிப்புக் கட்டுரை எழுதுவது உபரி வியாதி. மாமியார், பல் வைத்தியர், கேஸ் சிலிண்டர் என்று எதைக் கொடுத்தாலும் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவேன். நீ பத்தாம் வகுப்பு படித்தபோது, அழ வைக்கிற மாதிரி ஒரு நாவல் எழுதப் போகிறேன் என்று நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தேன். “இப்பவே அழுகை வருது” என்றாள் உன் அம்மா. கதை எளிமையானதுதான். கோமதி என்று ஒருத்தி. சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போன அவள் உடன்பிறப்பு சேகர், மாமல்லபுரம் கடற்கரையில் ஏதோ ஒரு ஓட்டலில் சமையல்காரனாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, கையில் பெட்டியோடு மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறாள். முதல் அத்தியாயம் அங்கே முடிகிறது. நீ காலேஜ் சேர்ந்தாய், கோமதி பஸ் ஸ்டாண்டில் நின்றாள். டிகிரி வாங்கினாய், வேலைக்குப் போனாய், ஜாதகம் வந்து பெண் பார்க்க வந்தார்கள். அவள் அங்கேயே நின்றாள்.

ஏன் நின்றாள் என்று உனக்குத் தெரியும். எங்கள் பஸ்தான். காலையில் அணுபுரத்திலிருந்து கிளம்புகிற அந்த ஸ்டாஃப் பஸ்ஸில் யாருக்கும் சீட்டு எழுதி வைக்கவில்லை. ஆனால் மாறி உட்கார்ந்தால் கொலை விழும். என் சீட்டுக்குப் பக்கத்தில் தர ஆய்வுப் பிரிவு ராமநாதன், முன் சீட்டில் அக்கவுண்ட்ஸ் சரோஜா மேடம். நாவல் எழுதுகிறேன் என்று வாயை விட்டேன். “படிங்க சார், கேப்போம்” என்றார்கள். படித்தேன். அன்றோடு அது என் நாவலாக இருப்பது நின்றுபோய், கமிட்டிக்கு வந்த கோப்பாகிவிட்டது. எங்கள் வேலையில் எந்தக் காகிதமானாலும் எத்தனையாவது திருத்தம் என்று மூலையில் திருத்த எண் போட வேண்டும், முதல் கட்டத்தை நாலு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. ராமநாதன் என் கோமதிக்கும் திருத்த எண் போட்டார். “சார், பேஸிக் டாக்குமெண்ட் க்ளியர் ஆகாம நீங்க ரெண்டாவது அத்தியாயம் போகவே கூடாது. பின்னாடி எல்லாம் தப்பாப் போயிடும்.” அணு உலைக்கு அது வேதவாக்கு. பெட்டியோடு நிற்கிற ஒரு பெண்ணுக்கு?

“செங்கல்பட்டுலேருந்து எந்த பஸ்ஸுல வந்தா சார்?” என்று ஒரு வாரம். “சாயங்கால வெளிச்சம்னு எழுதியிருக்கீங்க. அந்த பஸ் வந்து சேர இருட்டிடுமே” என்று ஒரு வாரம். பெட்டியின் நிறத்துக்கு ஒரு மாதம். சரோஜா மேடத்துக்கு வேறு கவலை. “தனியா வந்திருக்காளே, வீட்ல சொல்லிட்டு வந்தாளா? நைட்டு எங்க தங்குவா? எழுதுறதுக்கு முன்னாடி ஒரு சொந்தக்காரங்க வீட்டைப் பாத்து வைக்க வேணாமா நீங்க?” டிரைவர் ஏகாம்பரம் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். “இன்னா சார், அந்தப் பொண்ணு இன்னும் பஸ் ஸ்டாண்டாண்டயே நின்னுகினு கீதா? கால் நோவாது அதுக்கு?” பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முதல் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதுவேன். நீ காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாய். “இறங்கிட்டாளாப்பா?” என்பாய். காபியில் சர்க்கரை கம்மி என்பேன்.

உனக்கு இந்தத் திருட்டுப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சைக்கிளில்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். குவார்ட்டர்ஸ் ரோட்டில் உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தேனே, கேரியரைப் பிடித்துக்கொண்டு. முதுகை நேரா வை, முழங்கையை மடக்கு, முன்னால பார், பெல்லில் கட்டை விரல் இருக்கட்டும். அந்த விடுமுறை முழுக்க நீ நம் பிளாக் முனையைத் தாண்டவில்லை. திருப்பம் வந்தால் நான் நிறுத்திவிடுவேன், நேராக ஓட்டுவது இன்னும் சரியாகவில்லை என்று. அப்புறம் எனக்கு ஷிப்ட் மாறியது. ஒரு மத்தியானம் நான் வேலையில் இருக்கும்போது போன் வருகிறது, “சார், உங்க பொண்ணு சைக்கிள்ல சதுரங்கப்பட்டினம் கடலாண்ட நிக்குது.” அலறியடித்துக்கொண்டு வந்தால், முழங்காலில் ரத்தம், முகத்தில் சிரிப்பு, ஹேண்டில்பார் கோணல். “நீங்க பிடிக்கலைன்னா நல்லா போகுதுப்பா” என்றாய். உனக்கு அப்போதே முதுகில் இரண்டு வைத்திருக்க வேண்டும். ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துவிட்டேன்.

ஆனால் நீ இதைத் திட்டம் போட்டது எந்த நிமிஷம் என்று எனக்குத் தெரியும். வைகாசி வெயிலில், செங்கல்பட்டு மண்டபத்தில், மணையில் உட்கார்ந்திருந்தாயே, அப்போது. நாதஸ்வரக்காரர் வந்த வேன் மதுராந்தகம் பக்கம் எங்கேயோ பஞ்சராகி நிற்கிறது. தவில்காரர் மட்டும் முதல் பஸ் பிடித்து வந்து, ஜோடி இல்லாத செருப்பு மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பாயசம் அடிப்பிடித்த வாசனை கொல்லையிலிருந்து கிளம்பி மேடைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை மாலையில் பாதிப் பூ உதிர்ந்து நார் தெரிகிறது. ராமநாதன் எழுந்து வந்து, நடு மண்டபத்தில் நின்று, “ஐயரே, ஒரு பத்து நிமிஷம் ஹோல்ட் பண்ணுவோம். எல்லாம் வந்து சேரட்டும், சரி பாத்துட்டு ஆரம்பிக்கலாம்” என்கிறார். நானும் தலையை ஆட்டுகிறேன், என் புத்தி எங்கே போகும்? ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார். “முகூர்த்தம் உங்க கமிட்டியைக் கேட்டுண்டா வரும்? கட்டுங்கோ தாலியை. கொட்டுப்பா மேளம்!” ஒற்றைத் தவில் இடித்தது. அட்சதை விழுந்தது. ஆகிவிட்டது. நாதஸ்வரக்காரர் வந்தபோது நாங்கள் இரண்டாம் பந்தியில் இருந்தோம். ஒற்றைத் தவில் இடிக்கும்போது நீ குனிந்த தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தாய். கல்யாணப் பெண்ணுக்கு வந்த நாணம் என்று வீடியோக்காரர் நினைத்தார். அது திருடியின் சிரிப்பு என்று இப்போது தெரிகிறது.

கொடுமை அதோடு போனதா? பந்தியில் உன் மாமனார் பக்கத்தில் எங்கள் பஸ் மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. “சம்பந்தி நாவல் எழுதறாராமே, என்ன கதை?” என்று அந்த நல்ல மனிதர் கேட்டார். சொன்னார்கள். ராமநாதன் சொன்னதில் சேகர் ரேஷன் கார்டைக் காட்டித் தான் யாரென்று நிரூபிக்கிறான். சரோஜா மேடம் சொன்னதில் கோமதிக்கு அந்த ஓட்டல் முதலாளியோடு கல்யாணமே நடந்துவிட்டது. ஏகாம்பரம் எதிர் வரிசையிலிருந்து, “த்தூ, அதெல்லாம் இல்ல சார். அவன் அழுதுகினே வூட்டுக்கு வந்துடறான், அவங்கம்மா சோறு போடுது” என்று முடித்தார். உன் மாமனார் கண் கலங்கி என் பக்கம் திரும்பி, “இதுல எது சம்பந்தி நீங்க எழுதினது?” என்றார். ரசம் ஊற்ற வந்தவரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். என் நாவலை எல்லாரும் முடித்துவிட்டார்கள், பிருந்தா. நான் ஒருத்தன்தான் முடிக்கவில்லை. கையில் அப்பளத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனுக்கு வரக்கூடாத துக்கம் அது.

அதனால், நீ போனை வைத்த மறுநாள் ஆத்திரத்தில் எழுத உட்கார்ந்தேன். ஆசையில் இல்லை, நன்றாகக் குறித்துக்கொள். ‘இரண்டு’ என்று போட்டேன். சேகர் கோமதிக்கு அண்ணனா தம்பியா என்று மறந்துபோயிருந்தது. இத்தனை வருஷம் கட்டிக்கொண்டு அழுத அத்தியாயம், பார்க்காமல் ஒரு வரி சொல்ல வரவில்லை. அடுப்படியில் போய் உன் அம்மாவைக் கேட்டேன். “எனக்கென்ன தெரியும்? பஸ்ஸுக்குத்தானே படிச்சுக் காட்டினீங்க? எனக்கு என்னிக்குப் படிச்சீங்க?” என்றாள். இதில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. மேஜைக்குத் திரும்பி வந்து, தம்பி என்று வைத்துக்கொண்டேன். முதல் அத்தியாயத்தில் அவன் அண்ணனாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தினம் காலையில், பஸ்ஸுக்கு முன்னால், குழாயில் தண்ணீர் வருகிற சத்தத்தில் எழுதினேன். நேற்று எழுதியதைப் படித்துப் பார்க்கலாம் என்று கை போகும். நான் எழுதி முடித்த தாளை அதற்குள் உன் அம்மா எடுத்துக்கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் போட்டுவிடுவாள். குண்டான், டின்! உங்கள் வம்சத்துக்குப் பாத்திரம்தான் ஆயுதம் போலிருக்கிறது. பஸ்ஸில் வாயைத் திறக்கவில்லை. சீட்டை மாற்றி ஏகாம்பரத்துக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் ஒரே கிசுகிசு. பாயசத்தைப் பற்றி யாரோ ஏதோ சொன்னது எனக்குத் தெரிந்து கோபித்துக்கொண்டேன் என்று சரோஜா மேடம் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். அப்படி வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என்னைக் கெடுத்தது கமிட்டி இல்லை, பாவம் அவர்கள். படித்தால் கைதட்டினார்கள், சொன்னால் சிரித்தார்கள். சமைக்கிறேன் சமைக்கிறேன் என்று வாசனை காட்டியே நான் வயிற்றை நிரப்பிக்கொண்டுவிட்டேன். அப்புறம் எவனுக்கு அடுப்படியில் நிற்கப் பிடிக்கும்?

எழுதியது நன்றாக வந்ததா என்று கேட்காதே, எரிச்சல் வரும். நாலாவது அத்தியாயத்தில் மழை பெய்கிறது, அதே சாயங்காலம் ஐந்தாவதில் வெயில் அடிக்கிறது. ஓட்டல் முதலாளிக்கு இரண்டு பெயர். ஒரு நாய் வருகிறது, ஏன் வந்தது என்று அதற்கும் தெரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய விபத்து பெட்டி. கோமதி பாறை மேல் ஏறுகிறாள், கடலில் கால் நனைக்கிறாள், இரண்டு கையாலும் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறாள். ஒரு மாதமாக நிறம் பார்த்த அந்தப் பெட்டி எங்கே? எங்கேயும் இல்லை. கடைசி அத்தியாயத்துக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. பழைய ஆளாக இருந்தால் திரும்பிப் போய், முதல் வரியிலிருந்து பெட்டியைக் கையில் கொடுத்துக்கொண்டே வந்திருப்பேன். அதற்குள் நீ பேரன் பேத்தி எடுத்திருப்பாய். திரும்பிப் போக வழியைத்தான் நீ குண்டானில் போட்டு மூடிவிட்டாயே! பல்லைக் கடித்துக்கொண்டு மேலே எழுதினேன். கோமதி அந்த ஓட்டலைக் கண்டுபிடிக்கிறாள். தோசைக்கல் முன்னால் அவன் நிற்கிறான். முடி கொட்டியிருக்கிறது. இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்து என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பேனா பாட்டுக்கு அப்படியே நின்றது. அப்புறம் அவனே கேட்டுவிட்டான்: “எங்கேக்கா உன் பெட்டி?”

“ஐயையோ, பஸ் ஸ்டாண்டுலயே விட்டுட்டேன்டா!”

அவன் அடுப்பை அணைக்கிறான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, “வா, போய்ப் பாக்கலாம்” என்கிறான். இரண்டு பேரும் பெட்டியைத் தேடிக்கொண்டு நடக்கிறார்கள். அவ்வளவுதான். ரேஷன் கார்டு இல்லை, அழுகை இல்லை, கல்யாணம் இல்லை. நேற்றுக் காலை ‘முற்றும்’ என்று எழுதினேன். யாரும் கைதட்டவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, அதுதான் சத்தம். உன் அம்மா வந்து தாளை எடுத்தாள். அரிசி டின்னுக்குப் போகாமல் அங்கேயே நின்று படித்தாள். “பெட்டி கெடச்சுதா?” என்றாள். தெரியாது என்றேன். “கெடச்சிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் ஏறினேன். வண்டி கிளம்பியதும் ஏகாம்பரம் ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார். “இன்னா சார், அந்தப் பொண்ணு?”

“பஸ் ஸ்டாண்டை வுட்டுப் போயிடுச்சுப்பா.”

“அப்பாடா!” என்று சொல்லி, எதிரில் ஒரு ஈ காக்கை இல்லாத ரோட்டில் ஹாரன் அடித்தார். பின் சீட்டிலிருந்து ராமநாதனின் குரல், “எந்த பஸ்ல சார்?” நான் திரும்பவில்லை.

தகப்பன் கடிதம் என்றால் புத்திமதி இருக்க வேண்டுமாம், உன் அம்மா நினைவுபடுத்துகிறாள். சரி, கேட்டுக்கொள். புகுந்த வீட்டில் ரசம் வைக்குமுன் யாரிடமும் எப்படி வைக்கட்டும் என்று கேட்காதே. கொதித்து இறக்கி, தட்டில் ஊற்றிய பிறகு கேள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும், சுளிப்பதற்கு ஒரு ரசமாவது இருக்கும். எதையும் சரியாக ஆரம்பிக்க வேண்டும் என்று நிற்காதே. நின்றால் என்ன ஆகும் என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாய். அடிப்பிடித்த பாயசத்தை மாப்பிள்ளை இரண்டாவது தரம் கேட்டு வாங்கிக் குடித்தாரே, அந்த மனிதரை நன்றாக வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேலத்தில் இருப்பேன். ஆடிச் சீரில் பழம், புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி, அதோடு ஒரு புது இட்லிக் குண்டானும் உண்டு; பழையது இனி சமையலுக்கு ஆகாது என்று உன் அம்மா முடிவு செய்துவிட்டாள். தனியாக ஒரு துணிப்பையில் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து முற்றும் வரை கொண்டு வருகிறேன், அரிசி வாசனையோடு. வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய் அந்தப் பழைய குண்டானில் இருப்பதோடு சேர்த்துக் கட்டிவிடு. மழையும் வெயிலும் நாயும் அப்படியே இருக்கட்டும். பேச்சின்படி நீ முதல் அத்தியாயத்தை என்னிடம் தர வேண்டும். நான் கேட்பேன். ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்பேன், மாப்பிள்ளையிடம் பென்சில் இருக்கிறதா என்பேன், கெஞ்சுவேன், காபியில் சர்க்கரை கம்மி என்று சண்டைகூடப் போடுவேன். கொடுக்காதே. ஆடி போய் ஆவணி வரட்டும். அதுவரை அது புகுந்த வீட்டிலேயே இருக்கட்டும். திரும்பும்போது உன்னை மட்டும்தான் அழைத்துக்கொண்டு வருவேன்.

கோபம் இன்னும் தீராத,
உன் அப்பா